வெள்ளைப் பவுடர் போட்ட புளித்தண்ணீர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். மேற்கே மின்னினால் பயம், கிணற்றடியில் பிள்ளைகள் விளையாடினால் பயம், தபால்காரர் தெருவுக்குள் வந்தால் பயம், வராமல் போனாலும் பயம். எல்லாவற்றுக்கும் மேலே காலராவைப் பற்றிய பயம். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மாவைக் காலரா கொண்டுபோயிற்று. காலையில் களை எடுக்கப் போனவள் மறுநாள் மத்தியானம் இல்லை. தங்கச்சிக்கு அப்போது இரண்டு வயது. அப்பா கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். சிலேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அதோடு என் படிப்பு முடிந்தது.

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். மழை பெய்தால் காலை விடாத கரிசல். தெருவில் எல்லாரும் வேதக்காரர்கள், மாதா கோவில் சனம், எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கியவர் எங்கள் தெருவில் அதுவரை ஒருவரும் கிடையாது. தங்கச்சி மட்டும் நன்றாகப் படித்தாள். கன்னியாஸ்திரிகள் அவளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார்கள். பிறகு திருச்சியில் டீச்சர் டிரெயினிங். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சவுக்காரம், மண்ணெண்ணெய், அரிசி எல்லாவற்றுக்கும் அலைச்சல். என் வீட்டுக்காரர் பினாங்குக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு ஒரு வரி கடுதாசியும் இல்லை. நான் அப்பா வீட்டிலேயே இருந்தேன். அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில், பங்குனி கடைசியில், தங்கச்சிக்கு ஆர்டர் வந்தது. ஜூன் மாதம் பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர வேண்டும். உடம்பில் நோய் இல்லை என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும்.

அப்பா அந்தக் காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். எனக்கு அன்றிலிருந்து வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஜூன் வருவதற்குள் இவளுக்கு ஏதாவது வந்துவிட்டால்?

அந்தக் கோடையில் கிழக்கே இரண்டு ஊரில் காலரா என்று பேச்சு அடிபட்டது. கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போடச் சுகாதார ஆபீஸிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். போட்டுவிட்டுப் போனால் இரண்டு நாள் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. ஊர் முழுக்க அவரைத் திட்டியது. நான் அவர் பின்னாலேயே போய், இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்றேன். வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஊரு சனம் பூரா, தண்ணி நாறுதுன்னு என்னை ஏசுது. போடுங்க போடுங்கன்னு பின்னாலேயே வர்றது நீ ஒருத்திதாம்மா."

ஒரு பிஸ்கோத்து டின் நிறையக் கொடுத்தார். ஈரம் படாமல் மூடி வை, தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதே என்று இரண்டு புத்தி சொன்னார். எதோடு சேர்க்கலாம், எதோடு சேர்க்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனைக்குப் பயந்த நான் அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். அந்த டின்னைக் கண்டு மட்டும் எனக்குப் பயமே வரவில்லை. அதன் வாடை மூக்கில் ஏறினால், அப்பாடா, இனி ஒன்றும் வராது என்று இருந்தது. குடிதண்ணீர்ப் பானையில் போட்டேன், சாக்கடையில் போட்டேன், பாத்திரம் கழுவினேன். கை வறண்டு தோல் உரிந்தது. உரிந்தால் என்ன, சுத்தம்தானே என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் எங்கள் தெருக் கோவில் திருவிழா. கொடியேற்றத்துக்கு முன்னால் பீடத் துணிகளை வெளுப்பதும் பித்தளைச் சாமான்களைத் தேய்ப்பதும் பெண்கள் வேலை. சவுக்காரம் கிடைக்காததால் அந்த வருஷம் துணிகளை என் டின்னில் இருந்த பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். பழைய மெழுகுக் கறைகூடத் தெரியாமல் வெளுத்துவிட்டது. கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டம்மா துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வெளுப்புக்குச் சாமியாருக்குக் கண்ணு கூசப்போவுதுடி. இத வச்சிக்கிட்டு இத்தன நாளா எங்கள உவர்மண்ணுல போட்டுக் கும்ம வச்சியே."

எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்க்கையில் என்னை யாரும் மெச்சிக்கொண்ட நாட்கள் குறைவு.

மறுநாள் பித்தளை. பூசைச் சாமான்களை ஊர்க்கண் படத் திறந்த வெளியில் போட்டுத் தேய்க்கக்கூடாது என்பது எங்கள் கோவில் வழக்கம். பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. வௌவால் வருகிறது என்று அதன் ஒரே சன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, செபமாலை சொல்லிக்கொண்டேதான் தேய்க்க வேண்டும். ஒருத்தி முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். ஐம்பத்து மூன்று மணியும் முடிகிறவரை செபம் சொல்கிறவர்கள் எழுந்திருக்கக்கூடாது. நடுவில் எழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அந்த வருஷம் முன்னால் சொன்னது தங்கச்சி. அவளுக்கு நல்ல குரல். கோவிலின் கடைசி வரிசையில் இருக்கிற காது மந்தமான கிழவருக்கும் கேட்கும். டீச்சருக்கு வேறென்ன வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அறைக்குள் நாலு பேர். உபதேசியார் வீட்டம்மா, அவர் மருமகள், தங்கச்சி, நான். வாயகன்ற மண்தொட்டியில் புளி கரைத்து மெழுகுவர்த்தித் தண்டுகளையும் தூபக் கலசத்தையும் ஊறப்போட்டிருந்தோம். புளி கொஞ்சம்தான் கிடைத்தது. ஒரு வருஷத்துப் பச்சைக் களிம்பு அதற்கு அசையவில்லை. தங்கச்சி தொட்டியை ஒட்டி, கதவுக்குத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்ற இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரம் செங்கல் பொடி சலித்துக்கொண்டிருந்தார்கள். துணிக் கறையை எடுத்த பவுடர் களிம்பை எடுக்காதா என்று எனக்குத் தோன்றியது. புளியும் சேர்ந்து வேலை செய்தால் இரண்டு மடங்கு பளபளக்குமே. துணிக்கு என்று கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்த டின்னிலிருந்து கொட்டாங்கச்சியால் இரண்டு முறை அள்ளித் தொட்டியில் போட்டேன்.

தண்ணீர் சீறிக்கொண்டு நுரைத்தது. சுருக்கென்று வாடை வந்தது. பவுடர் வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். தங்கச்சி என்னைப் பார்த்தாள். தண்ணீர் எடுக்கிற முறை எனக்கு என்பதால் நான் செபத்தில் சேரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அலசத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வெளியே போனேன். வழக்கப்படி கதவை இழுத்துச் சாத்தினேன். ஆடு புகுந்துவிடுமே என்று நாதாங்கியையும் மாட்டினேன்.

கிணற்றில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அங்கிருந்தே தங்கச்சி குரல் கேட்டது. முதல் பத்து மணி முடிந்து இரண்டாவது பத்து. ஒவ்வொரு மங்கள வார்த்தை செபத்துக்கும் நடுவில் இருமல் வந்தது. பின்னால் சொல்கிறவர்களின் குரலும் இருமலாகவே இருந்தது. ஆறாவது மணியில் தங்கச்சி குரல் பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றது. நான் அப்போதும் செங்கல் தூசி என்றுதான் நினைத்தேன். குடத்தை இடுப்பில் வைத்தபோது உள்ளிருந்து கதவைக் கையால் அடிக்கிற சத்தம் கேட்டது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். நாதாங்கியை எடுத்ததும் உபதேசியார் வீட்டம்மா தவழ்ந்துகொண்டு வெளியே வந்தார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து சுவரோரம் வாந்தி எடுத்தாள். தங்கச்சி வரவில்லை. உள்ளே ஒரு அடி வைத்ததும் யாரோ மிளகாய்த்தூளைக் கையளவு எடுத்து என் தொண்டையில் திணித்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவி, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து மண்ணில் போட்டேன். செபமாலை விரலில் சுற்றியிருந்தது. உதடு நாவற்பழம் மாதிரி இருந்தது. வாயோரம் நுரை.

மூன்று நாள் அவள் படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது என்று சாய்மானம் வைத்து உட்கார்ந்தே இருந்தாள். வெளியே கொட்டுச் சத்தம், வெடிச் சத்தம், திருவிழா. சாமியார் இரண்டு முறை வந்து, சாகிறவர்களுக்கான அவஸ்தைப் பூசுதல் கொடுக்கலாமா என்று பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அப்பா வாசலில் போய் நின்றுகொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஜூனுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பவுடரை நான் போட்டேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இருவரும் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீரை அன்றே நான்தான் கோவில் குழியில் கொட்டிக் கழுவினேன். வௌவால் எச்சத்தின் விஷம் என்றார்கள் சிலர். பூட்டிய அறையில் கெட்ட காற்று என்றார்கள் சிலர். பத்து நாள் கழித்து வேறு ஒரு பேச்சு கிளம்பியது. நாலு பேரில் மூன்று பேர் தேறிவிட்டார்கள், இவள் மட்டும் தேறவில்லை என்றால் என்ன அர்த்தம்? தீட்டோடு பூசைச் சாமானைத் தொட்டிருக்கிறாள், அதுதான். உபதேசியார் வீட்டம்மா அதை என் முகத்துக்கு நேராகவே கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னேன். உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் ஊர் என்ன சொல்லும், சாமியார் என்ன சொல்வார், அப்பா என்ன சொல்வார் என்று நூறு யோசனை. தங்கச்சி உள்ளே சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சமயத்தில் நான் இன்னொன்றும் செய்தேன். அவளைப் பார்க்க வருகிறவர்கள் காலில் என்னென்ன கொண்டுவருகிறார்களோ என்று தினமும் இரண்டு வேளை பினாயில் ஊற்றி அவள் இருந்த இடத்தைக் கழுவினேன். அரியலூருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லிப் பாட்டில் பாட்டிலாக வாங்கினேன். கழுவிய அரைமணியில் அவளுக்கு இழுக்க ஆரம்பிக்கும். இழுக்கிறதே, இன்னும் சுத்தம் போதவில்லையோ என்று மறுபடி கழுவுவேன்.

மே கடைசியில் சர்டிபிகேட் வாங்க வேண்டும். வண்டி கட்டிக் கீழப்பழுவூர் வந்து, அங்கிருந்து கரி பஸ் பிடித்து அரியலூர் போனோம். சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸின் பின்னால் ஒரு கரியடுப்பை மாட்டி அந்தப் புகையில் ஓட்டினார்கள். அப்பாவும் நானும் அவளை நடுவில் உட்கார வைத்து முந்தானையால் மறைத்துக்கொண்டே வந்தோம்.

டாக்டர் வயதானவர். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே விட்டார். குழாயை வைத்து முன்னும் பின்னும் நெடுநேரம் கேட்டார். எப்போதிலிருந்து என்றார். மூன்று வாரமாக என்றேன். திருவிழாத் தூசியில் சளி பிடித்துக்கொண்டது என்றேன். அவர் தங்கச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். சயரோகமாக இருக்கலாம், பிள்ளைகள் நடுவில் இவளை விட முடியாது, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்றார். பேனாவை மூடினார்.

ஆறு மாதம் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். சயரோகம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் எந்த இடமும் கிடைக்காது. தங்கச்சி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் சொன்னேன். டின், துணி, புளி, இரண்டு கொட்டாங்கச்சி, நாதாங்கி, எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"புளி, எலுமிச்சை, காடி, புளிப்பு எதுவானாலும் சரி, அந்தப் பவுடரோட சேந்தா விஷக்காத்து கெளம்பும்மா. போன சண்டையில சீமையில அதத்தான் ஆளுங்க மேல விட்டானுங்க. நீ தொட்டியில காய்ச்சி, கதவையும் மாட்டிட்டுப் போயிருக்க."

அந்தக் காற்றுக்குக் குளோரின் என்று பேர் சொன்னார். நுரையீரலை உள்ளே வேகவைத்துவிடும், வெந்த இடம் பழையபடி ஆகாது, ஆனால் இது தொற்றுகிற நோய் இல்லை என்றார். பிறகு, வீட்டில் எதைப் போட்டுக் கழுவுகிறாய் என்று கேட்டார். பினாயில் என்றேன். எத்தனை வேளை என்றார். இரண்டு வேளை என்றதும் அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இனி அது கூடாது, புகை கூடாது, சுண்ணாம்புத் தூசி கூடாது, வாடை அடிக்கிற எதுவும் இவள் இருக்கிற இடத்தில் கூடாது, தண்ணீரும் சாம்பலும் போதும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தங்கச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அக்கா போட்டத நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன் சார். நல்லாப் பளபளன்னு வரும்னு நானும்தான் நெனச்சேன்."

அவர் சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொற்றுநோய் இல்லை என்று எழுதினார். வேலைக்குத் தகுதி என்று எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினார்.

திரும்பி வரும்போது, பஸ் ஏறுவதற்கு முன், அப்பா தண்ணீர் வாங்கப் போயிருந்தார். தங்கச்சி என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தீட்டோட போனேன்னு சொன்னாங்களே அக்கா. அப்பவும் நீ பேசலயே."

ஊருக்கு வந்ததும் நேராக உபதேசியார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. "கெணத்துல போட்டுக் குடிக்கிறோம், அது எப்பிடிடி வெஷமாவும்? தங்கச்சியக் காப்பாத்தப் பேசுற, பேசிட்டுப் போ" என்றார். முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. தெருவில் அந்தப் பேச்சு போகவே இல்லை.

ஜூனில் பெரம்பலூருக்குப் போனோம். சமைத்துப் போட நானும் கூடப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. முதல் நாள் வகுப்பில் அவள் பேசியதை நான் வெளியே வேலியோரம் நின்று கேட்டேன். பழைய குரல் இல்லை. ஒரு வரி சொல்வாள், நிறுத்துவாள், அடுத்த வரி சொல்வாள். ஆனால் பிள்ளைகள் சத்தம் போடாமல் கேட்டார்கள். குரல் எட்டாத இடத்துக்கு நடந்து போய்ச் சொன்னாள். பேச முடியாதபோது போர்டில் எழுதினாள். எழுதும்போது தூசி பறக்காமல் இருக்க ஈரத்துணியை இடது கையில் வைத்திருந்தாள்.

தலைமை ஆசிரியை நல்ல மனுஷி, ஆனால் சுத்தத்தில் கண்டிப்பு. தினம் காலையில் தண்ணீர்க்கார அம்மா எல்லா வகுப்புகளையும் பினாயில் ஊற்றித் துடைக்க வேண்டும். அந்த வாடை வந்ததும், தலைமை ஆசிரியையிடம் உடம்பைச் சொல்லிவிடலாம் என்றேன். தங்கச்சி கூடாது என்றாள். சொன்னால், நுரையீரல் கெட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அனுப்பிவிடுவார்கள், தீபாவளி வரை போகட்டும், தான் வேலை செய்வதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அனுப்ப மனசு வராது என்றாள்.

அதனால் நான் ஒரு வழி செய்தேன். தண்ணீர்க்கார அம்மா துடைத்துவிட்டுப் போனதும், மணி அடிப்பதற்கு முன், இரண்டு குடம் நல்ல தண்ணீரோடு மூன்றாம் வகுப்புக்குள் போவேன். தரையை அலசி, விளக்குமாற்றால் தள்ளி, சன்னல் எல்லாம் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். இரண்டரை மாதம் இப்படியே ஓடியது. அவளுக்கு இழுப்பு குறைந்தது. ஒரு சாயங்காலம், ஒரு பிள்ளை வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னதை நடித்துக் காட்டி அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருமல் வரவில்லை. நான் அதைக் கவனித்துக்கொண்டேன்.

ஆவணியில் டவுனில் காலரா வந்தது. தலைமை ஆசிரியை காலையில் சீக்கிரமே வந்து ஒவ்வொரு வகுப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்பில் நான் பினாயிலை அலசி வெளியே தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். யார் சொல்லி இதைச் செய்கிறாய் என்றார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்.

"ஒன் தங்கச்சிய எனக்குப் புடிக்கும்மா. ஆனா நாப்பது புள்ளைங்க இந்தத் தரையில உக்காருதுங்க. அதுல ஒண்ணு காலராவுல போச்சுன்னா, அதப் பெத்தவளுக்கு நான் என்ன சொல்றது?"

நான் வாதாடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் ஒரு பாட்டில் ஊற்றியிருப்பேன். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாளிலிருந்து நான் உள்ளே போகக்கூடாது என்று ஆயிற்று. கிருமி பயத்தில் பினாயிலும் கூடிற்று. வாசலில் பிளீச்சிங் பவுடரும் தூவினார்கள். தங்கச்சி பத்து நாள் தாக்குப் பிடித்தாள். பதினோராம் நாள், பாடம் வாசித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் டீச்சர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று முதலில் நினைத்தார்களாம். காலாண்டு விடுமுறைக்கு முன்பே அவள் கையாலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். தலைமை ஆசிரியை வாங்கிக்கொண்டு, உடம்பு தேறினால் எழுது என்றார். தேறாது என்று இருவருக்கும் தெரியும்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி பூக்கட்டி எடுத்து வந்திருந்தாள். எப்போ டீச்சர் திரும்பி வருவீங்க என்று கேட்டாள். தங்கச்சி குனிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். நடந்து வந்த இளைப்பில் மூச்சு மேலே ஏறவில்லை. கையைக் காட்டி, இரு இரு என்றாள். பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"பொங்கல் கழிச்சு வந்துடுவாங்க, போங்க போங்க" என்றேன்.

பிள்ளைகள் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். பஸ்ஸின் பின்னால் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை எட்டாமல் முன்னால் இடம் பிடித்து அவளை உட்கார வைத்தேன். பஸ் கிளம்பி டவுனைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"வரமாட்டேன்னு நானே சொல்லியிருப்பேன் அக்கா. மூச்சு வர்றதுக்குள்ள நீ சொல்லிட்ட."

அரியலூர் வரும்வரை கரிப்புகை அவள் பக்கம் வராமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவள் ஒரு கார்டு எழுதினாள். சுவரில் சாய்ந்துகொண்டு, முழங்காலில் பலகையை வைத்து, இரண்டு மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, நான் இனி வரமாட்டேன், அக்கா சொன்னது சரியில்லை, புது டீச்சர் சொல்வதைக் கேளுங்கள் என்று இருந்தது. தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா வேலையிலிருந்து வருகிற வரை காத்திருந்து, அவரிடம் கொடுத்தாள்.